நாலு பவுண்டு பூஸ்டும் ஒரு பி.பி. கருவியும்

இன்றைக்கு கார் மெக்கானிக் வேலைக்கு வரும் பிள்ளைகள் வண்டியில் ஒரு வயரைச் செருகி, லேப்டாப்பில் கட்டம் கட்டமாக எண்களை மாற்றி, அரை மணி நேரத்தில் பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துவிடுகிறார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் கோயமுத்தூரில் எங்களுக்கு அந்த வசதி கிடையாது. வெளிநாட்டிலிருந்து எஞ்சினுக்கென்று தனிக் கம்ப்யூட்டர் வரவழைக்கலாம். அந்த விலைக்கு இன்னொரு பழைய காரே வாங்கிவிடலாம். ஆகவே கையில் கிடைத்ததை வைத்துச் செய்தோம். அப்படிச் செய்ததில் ஒரே ஒரு வண்டியைப் பற்றி இங்கே எழுதுகிறேன். நான் அதிகம் தப்புச் செய்த வண்டி அதுதான்.

1. கழற்ற மாட்டேன்

உக்கடம் பக்கம் சாகுல் பாயின் ஒர்க்‌ஷாப்பில் அப்போது நான் சீனியர் மெக்கானிக். பாய் கார்புரேட்டரில் கெட்டிக்காரர். எஞ்சின் ஓடும் சத்தத்தை வாசலில் நின்று கேட்டே பெட்ரோல் வரும் துளைகளான ஜெட்டுகளில் எது அடைத்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். இஞ்செக்‌ஷன் வண்டிகள், அதாவது கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து பீய்ச்சும் வண்டிகள், அப்போதுதான் புதிதாக வரத் தொடங்கியிருந்தன. பாய்க்கு அவற்றைப் பிடிக்காது. பானெட்டைத் திறந்தால் திருகிப் பார்க்க ஒரு ஸ்க்ரூகூட இல்லாத எஞ்சினை எப்படி நம்புவது என்பார். அந்த மாதிரி வண்டி எது வந்தாலும் என் பக்கம் தள்ளிவிடுவார்.

டாக்டர் சரோஜினியின் வண்டியும் அப்படித்தான் என்னிடம் வந்தது. ஆயிரத்து முந்நூறு சி.சி. பெட்ரோல் கார். டாக்டரம்மாவுக்கு மேட்டுப்பாளையத்தில் வீடும் ஆஸ்பத்திரியும். வியாழக்கிழமைதோறும் கோத்தகிரிக்கு ஏறிப் போய் அங்கே ஒரு கிளினிக்கில் நோயாளிகளைப் பார்ப்பார். வயது நாற்பத்தைந்து இருக்கும். வண்டியை அவரேதான் ஓட்டுவார். பின்னால் உட்கார்ந்து வந்து நான் பார்த்ததே இல்லை.

பானெட்டைத் திறந்ததும் குனிந்து இன்னொரு தடவை பார்த்தேன். உள்ளே ஒரு சின்ன டர்போ உட்கார்ந்திருந்தது. ஏதோ ஜப்பான் வண்டியின் பழைய எஞ்சினிலிருந்து எடுத்தது. மாட்டியவர் டாக்டரம்மாவின் தம்பி. புகை வெளியேறும் மேனிபோல்டை இங்கேயே ஒரு பவுண்டரியில் வார்த்து, குழாய்களை வளைத்து, வெல்டிங் எல்லாம் சுத்தமாகச் செய்திருந்தார். செய்து முடித்த மாதமே வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டார். பூஸ்ட், அதாவது டர்போ ஊதும் அழுத்தம், நாலைந்து பவுண்டுதான் இருக்கும், பயப்படாமல் ஓட்டு என்று அக்காவுக்குக் கடிதம் வேறு எழுதியிருந்தார். காற்றுக்கு எல்லா ஏற்பாடும் செய்தவர், பெட்ரோலுக்கு எதுவும் செய்யவில்லை.

டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் விசிறி. காற்று கூடினால் பெட்ரோலும் அதே அளவுக்குக் கூட வேண்டும். கூடாவிட்டால் உள்ளே சூடு ஏறும். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டிய மாதிரி ஒரு சத்தம் வரும். அதற்குத்தான் நாக்கிங் என்று பெயர். அதையும் கண்டுகொள்ளாமல் ஓட்டினால் பிஸ்டன் உருகும். பழைய கார்புரேட்டர் வண்டி என்றால் ஜெட்டைப் பெரிதாக்கிச் சமாளிக்கலாம். இதில் பெட்ரோலை அளந்து ஊற்றுவது கம்பெனி வைத்த கம்ப்யூட்டர். சாதாரணக் காற்றழுத்தம் வரைக்கும்தான் அதற்குக் கணக்குத் தெரியும். டர்போ ஊதுவது அதன் பாடத்திட்டத்திலேயே இல்லை.

மலை ஏறும்போது உள்ளே யாரோ கொலுசு ஆட்டுகிற மாதிரி கேட்கிறது என்றார் டாக்டரம்மா. பாய் எட்டிப் பார்த்துவிட்டு, அந்தச் சனியனைக் கழற்றிவிட்டால் வண்டி பழையபடி நன்றாக ஓடும் என்று யோசனை சொன்னார்.

"தம்பி மாட்டிக் குடுத்ததுங்க. கழட்டறதா இருந்தா எந்த ஒர்க்‌ஷாப்புலயும் கழட்டிப்போடுவாங்களே. நான் எதுக்குங்க இவ்வளவு தூரம் வாரேன்?" என்றார் டாக்டரம்மா.

பாய் திரும்பி என்னைப் பார்த்தார். வண்டி என் பக்கம் வந்துவிட்டது.

2. தெர்மாமீட்டரை ஏமாற்றியது

முதலில் செய்ததுதான் இருப்பதிலேயே மலிவான வழி. எஞ்சின் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல ஒரு சென்சார் உண்டு. எஞ்சின் குளிர்ந்திருந்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். அந்த சென்சாரின் வயரில் ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்தால், எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தாலும் இன்னும் சூடாகவில்லை என்றே கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். காந்திபுரத்தில் ரேடியோ சாமான் விற்கும் கடையில் ரெசிஸ்டர் சில்லறைக் காசுக்குக் கிடைத்தது.

அன்றைக்கு எனக்கு என்னைப் பற்றி மிகப் பெருமையாக இருந்தது. வெளிநாட்டு கம்ப்யூட்டருக்குப் பதில் ஒரு அரிசி அளவு ரெசிஸ்டர். பாயிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதைப் பார்த்தார். பத்திரமாக வை, தும்மினால் பறந்துவிடும் என்றார்.

நாக்கிங் கொஞ்சம் குறைந்தது. ஆனால் பெட்ரோல் தேவையே இல்லாத இடத்திலும் கூடுதலாகவே ஊற்றியது. சிக்னலில் நின்றால் கறுப்புப் புகை. பிளக்குகள் அடுப்புக்கரி மாதிரி ஆகிவிட்டன. பத்தே நாளில் டாக்டரம்மா திரும்பி வந்தார். தன் சேலையிலிருந்து பெட்ரோல் வாசனை வருவதாக நோயாளிகள் சொல்கிறார்கள் என்றார். நான் செய்ததை விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை.

"காய்ச்சல்ல இருக்கறவனோட தெர்மாமீட்டரைத் தண்ணில நனைச்சு, குளிருதுன்னு எழுதி வெச்சிருக்கீங்க. எங்க தொழில்ல இப்படிச் செஞ்சா லைசென்ஸ் போயிருமுங்க."

ரெசிஸ்டரை அன்றே கழற்றினேன். அது இன்னும் என் டப்பா எதிலோ கிடக்கும்.

3. சைக்கிள் டியூப்

அடுத்த வழி கொஞ்சம் கௌரவமானது. இந்த வண்டிகளில் பெட்ரோல் ஒரு குழாயில் எஞ்சினுக்கு வந்து, மிச்சம் இன்னொரு குழாயில் டேங்குக்கே திரும்பிப் போகும். திரும்பும் குழாயை நெரித்தால் முன்னால் பிரஷர் ஏறும். தோட்டத்தில் ரப்பர் குழாயின் வாயை விரலால் அமுக்கினால் தண்ணீர் பீய்ச்சுவதில்லையா, அது மாதிரி. டர்போ ஊதும்போது மட்டும், ஊதுகிற அளவுக்குத் தகுந்தபடி, அந்தக் குழாயை நெரிக்கும் ஒரு ரெகுலேட்டர் வெளிநாட்டில் விற்கிறது. படத்தை ஒரு பத்திரிகையில் பார்த்திருந்தேன். உள்ளே ஒரு ரப்பர் தகடு, ஒரு ஸ்பிரிங், மேலே ஒரு மூடி. அவ்வளவுதான்.

கோயமுத்தூரில் லேத்துக்கா பஞ்சம்? ஆவாரம்பாளையத்தில் தெரிந்த கடையில் அலுமினியத்தில் கடைந்து வாங்கினேன். ரப்பர் தகட்டுக்கு என்ன செய்வது என்று யோசித்து, சைக்கிள் டியூப்பை வட்டமாக வெட்டிப் போட்டேன். மாட்டிய அன்று பிரமாதமாக வேலை செய்தது. மூன்றாம் நாள் வண்டி இருமத் தொடங்கியது. திறந்து பார்த்தால், பெட்ரோலில் ஊறிய டியூப் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி உப்பிக் கிடந்தது. பாய் அதை இடுக்கியால் தூக்கிப் பிடித்து, டீ குடிக்க வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார்.

ஆனால் மாற்று வழி சொன்னதும் அவர்தான். பழைய கார்புரேட்டர் வண்டிகளின் பெட்ரோல் பம்பில் டயாபிரம் என்று ஒரு ரப்பர் தகடு இருக்கும். ஆண்டுக்கணக்கில் பெட்ரோலிலேயே கிடந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. அதை வெட்டிப் போட்டேன். உப்பவில்லை. அவிநாசி ரோட்டில் பீளமேடு தாண்டி நாலைந்து தடவை விரட்டிப் பார்த்தேன். நாக்கிங் இல்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். முனை நல்ல பிஸ்கட் நிறத்தில் இருந்தது. பெட்ரோல் அளவாகப் போகிறது என்று அர்த்தம்.

டாக்டரம்மா சாவியை வாங்கும்போது மலைக்கும் இது சரியாக இருக்குமா என்று கேட்டார். தாராளமாகப் போய்விட்டு வாருங்கள் என்றேன். அதைச் சொல்லும்போது நான் அந்த வண்டியில் மேட்டுப்பாளையத்தைக்கூடத் தாண்டியிருக்கவில்லை.

4. வியாழக்கிழமை போன்

அந்த வார வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஒர்க்‌ஷாப் போன் அடித்தது. பாய் எடுத்தார். கேட்டார். ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

கோத்தகிரியில் ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து டாக்டரம்மா பேசினார். பாதி மலையில் வண்டி பெரிதாகப் புகை விட்டு நின்றுவிட்டது. காய்கறி ஏற்ற மேலே காலியாகப் போன ஒரு லாரியை நிறுத்தி, டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து ஏறி வந்துவிட்டார். கிளினிக்கில் ஆட்கள் காத்திருக்கிறார்கள். மாலை வரை பார்த்துவிட்டு பஸ்ஸில் இறங்கிக்கொள்வார். வண்டி நிற்கும் வளைவில் ஒரு டீக்கடை உண்டு, சாவி அங்கே இருக்கிறது. இவ்வளவையும் மாத்திரைச் சீட்டு எழுதுகிற நிதானத்தில் சொன்னார். திட்டியிருந்தால் எனக்குத் தேவலாம் என்று இருந்தது.

வண்டியைக் கயிறு கட்டி இறக்கிக்கொண்டு வந்து எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைத் திறந்தோம். மூன்றாவது பிஸ்டனில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. பெட்ரோல் கிடைக்காமல் வெந்து உருகியிருந்தது. எனக்குப் புரியவில்லை. என் ரெகுலேட்டர் நன்றாகத்தான் இருந்தது. டயாபிரம் சுருங்கக்கூட இல்லை.

பாய் பிஸ்டனைக் கையில் எடுத்து ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். அவிநாசி ரோட்டில் எவ்வளவு நேரம் மிதித்துப் பிடித்தாய் என்று கேட்டார். பத்து செகண்ட் இருக்கும் என்றேன். அதற்குள் முன்னால் ஒரு டவுன் பஸ் வந்துவிடும்.

"மலைல எவ்வளவு நேரம் மிதிக்கணும்?"

நான் அவர் கையிலிருந்த பிஸ்டனை வாங்கிக்கொண்டேன்.

"அந்தம்மாவை ஏறச் சொல்லி அனுப்புனியே சோமு, நீ ஏறிப் பாத்தியா?"

மறுநாள் பெட்ரோல் பம்பைக் கழற்றி, ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு தள்ளுகிறது என்று கேனில் பிடித்து அளந்தேன். சாதாரண பிரஷரில் தாராளமாக ஊற்றியது. என் ரெகுலேட்டர் நெரிக்கும் பிரஷரில் பாதிதான் வந்தது. குழாயை நெரிக்க எனக்குத் தெரிந்தது. தள்ளுகிற பம்புக்கு அந்த மூச்சு இருக்கிறதா என்று பார்க்கத் தெரியவில்லை. பத்து செகண்ட் என்றால் சமாளித்துவிடும். கோத்தகிரி ரோட்டில் நிமிடக்கணக்கில் மிதித்தபடியே ஏற வேண்டும். இதை முன்னாலேயே அளந்திருந்தால் அரை மணி நேர வேலை. 

5. டாக்டரம்மா கேட்ட கேள்வி

வேறு ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியை எடுத்துப் போய்விடுவார் என்று நினைத்தேன். சனிக்கிழமை வந்தார். பிஸ்டனைப் பார்க்க வேண்டும் என்றார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். மலையில் ஓட்டிப் பார்க்காமல் சரியாக இருக்கும் என்று சொன்னது என் தப்பு என்றும், எஞ்சினை நாங்களே கட்டித் தருகிறோம் என்றும் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

பிறகு, இனி என்ன செய்யலாம் என்று நான் வைத்திருந்த பட்டியலை ஒப்பித்தேன். பெரிய பம்ப் போடலாம். பெட்ரோலைப் பீய்ச்சும் இஞ்செக்டர் நாலோடு ஐந்தாவதாக ஒன்று வைத்து, பிரஷர் ஏறினால் தானாகத் திறக்கும்படி ஒரு சுவிட்ச் மாட்டலாம். தண்ணீரைத் தெளித்துச் சூட்டைக் குறைக்கலாம். பேசப் பேச எனக்கே உற்சாகம் வந்துவிட்டது. அவர் கடைசிவரை கேட்டார்.

"ஏனுங்க சோமு, வந்த நாள்ல இருந்து மருந்தக் கூட்டறதப் பத்தியே பேசறீங்க. நோயக் கொறைக்க முடியாதுங்களா?"

எனக்கு விளங்கவில்லை.

"பெட்ரோல் பத்தலைங்கறீங்க. காத்தக் கொறைச்சா என்ன?"

பாய் உள்ளே எதையோ தேடுகிற மாதிரி திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

வண்டி பறக்க வேண்டும் என்று டாக்டரம்மா ஒருநாளும் கேட்கவில்லை. ஏ.சி. போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்குப் பின்னால் முனகாமல், மலை ஏற வேண்டும். தம்பி மாட்டியது மாட்டியபடி இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் தேவை. நான் அதைக் கேட்டதே இல்லை. அதைவிட வெட்கக்கேடு, டர்போ எவ்வளவு ஊதுகிறது என்று நான் அளந்துகூடப் பார்க்கவில்லை. நாலைந்து பவுண்டு என்று தம்பி கடிதத்தில் எழுதியதை அப்படியே நம்பியிருந்தேன். பூஸ்ட் மீட்டர் எங்களிடம் இல்லை. வரவழைக்க மாதக்கணக்கில் ஆகும்.

பிரஷர்தானே அளக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. பையைத் திறந்து, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை எடுத்தார். வட்ட டயல் வைத்த பழைய மாடல். டயலில் ஐம்பது என்றால் ஏறத்தாழ ஒரு பவுண்டு என்று மருந்துச் சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினார்.

6. செக்போஸ்ட்

எஞ்சின் தயாரானதும் மூன்று பேரும் மேட்டுப்பாளையத்தில் கூடினோம். டர்போவிலிருந்து வரும் காற்றுக் குழாயில் ஒரு சின்னக் குழாய்முனை வைத்து, ரப்பர் டியூப்பை உள்ளே இழுத்து, டயலை என் மடியில் வைத்துக்கொண்டேன். எஞ்சின் பிளாக்கில் ஒரு செப்புக் குழாயை போல்ட் போட்டு இறுக்கி, அதிலிருந்து வந்த டியூப்பில் டாக்டரம்மாவின் பழைய ஸ்டெதஸ்கோப்பை இணைத்துக் காதில் மாட்டிக்கொண்டேன். நாக்கிங் லேசாக ஆரம்பித்தாலே அதில் கேட்டுவிடும். பாய் பின்சீட்டில். டாக்டரம்மா ஸ்டியரிங்கில்.

மலை அடிவாரத்தில் முதல் மிதிப்பிலேயே முள் முந்நூறுக்குப் போய் ஒட்டிக்கொண்டது. டயலில் அதற்குமேல் கோடு கிடையாது. ஆறு பவுண்டுக்கும் மேலே. டாக்டரம்மா எட்டிப் பார்த்துவிட்டு, இந்த பி.பி.யோடு யாரும் நடந்து தன்னிடம் வந்ததில்லை என்றார். உடனே நிறுத்தச் சொன்னேன்.

டர்போவின் அழுத்தத்தைத் திறந்துவிடும் கதவுக்கு ஒரு கம்பி உண்டு. அதில் மரை இருக்கும். கம்பி நீளம் குறையக் குறைய பூஸ்ட் ஏறும். தம்பி அதை நன்றாக முறுக்கி வைத்துவிட்டுத்தான் நாலைந்து பவுண்டு என்று எழுதியிருக்கிறார். அக்கா பயந்துவிடக் கூடாதே என்ற பாசம். நான் நட்டைத் தளர்த்தி, மரையைத் திருகிக் கம்பியை நீட்டினேன். மிதித்துப் பார்த்தோம். இருநூற்று எழுபது. மறுபடி நீட்டினேன். இருநூற்று இருபது. நாலு பவுண்டுக்குச் சற்று மேல். அந்த அளவுக்கு பம்பால் எவ்வளவு நேரமும் தள்ள முடியும் என்று இந்தத் தடவை கேனில் அளந்து வைத்திருந்தேன்.

ஏறத் தொடங்கினோம். ஸ்டெதஸ்கோப்பில் எஞ்சின் மாவரைக்கிற மாதிரி ஒரே சீராக ஓடியது. நான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். வண்டி நின்றது. கண்ணைத் திறந்தால் செக்போஸ்ட். காக்கி உடுப்பில் ஒரு பெரியவர் குனிந்து, காதில் ஸ்டெதஸ்கோப்பும் மடியில் பி.பி. கருவியுமாக உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"டாக்டருங்களா? ஒரு மாசமா முட்டி மடக்க முடியலீங்க."

நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

"அவரு எஞ்சினுக்கு டாக்டருங்க. முட்டிக்கு நான்தான்."

பெரியவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஸ்டியரிங் பிடித்த அம்மா டாக்டர் என்பதை அவரால் சட்டென்று ஏற்க முடியவில்லை. பின்சீட்டில் வெள்ளைத் தாடியோடு இருந்த பாயிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று அங்கே திரும்பினார். அந்தம்மா சொல்வது நிஜம்தான் என்றும், தான் நோயாளிக்குத் துணையாக வந்திருப்பதாகவும் பாய் சொன்னார். யார் நோயாளி என்று பெரியவர் கேட்க, பாய் பானெட்டைக் காட்டினார். டாக்டரம்மா இறங்கி முட்டியை அழுத்திப் பார்த்து, அடுத்த வியாழன் கிளினிக்குக்கு வரச் சொன்னார்.

மேலே போகும் வரைக்கும் ஒரு சொடக்குச் சத்தம்கூட இல்லை. பிஸ்டன் உருகிய வளைவு வந்தபோது ஸ்டெதஸ்கோப்பைக் காதில் இறுக்கிக்கொண்டேன். டாக்டரம்மா அந்த இடத்தில் வேகத்தைக் குறைக்கவே இல்லை. ஏறி முடித்ததும் அங்கேயே பிளக்கைக் கழற்றினேன். பிஸ்கட் நிறம். பாய் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, இஞ்செக்‌ஷன் வண்டிகூடப் பரவாயில்லை என்று சொன்னார். அவர் வாயில் அப்படி ஒரு சொல் வந்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த வருடம் தம்பி லீவில் வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பவரே இல்லையே என்று ஸ்பேனரோடு பானெட்டைத் திறந்திருக்கிறார். கம்பியின் நட்டு மேல் டாக்டரம்மா பிளாஸ்திரி ஒட்டி, பேனாவால் 'தொடாதே' என்று எழுதி வைத்திருந்தார். நானும் தொடவில்லை, அவரும் தொடவில்லை. அந்த வண்டி அதே டர்போவோடும் என் லேத் ரெகுலேட்டரோடும் பல வருடம் மலை ஏறியது.

இந்த வேலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். குறைந்த பூஸ்ட் வண்டிக்குச் செலவில்லாமல் பெட்ரோல் சரிசெய்ய வழிகள் உண்டு. ஆனால் எந்த வழி என்று யோசிப்பதற்கு முன்னால் எவ்வளவு ஊதுகிறது என்று அளந்து பாருங்கள். வண்டிக்காரருக்கு உண்மையில் எவ்வளவு வேண்டும் என்று கேளுங்கள். அப்புறம், நீங்கள் ஏறிப் பார்க்காத மலைக்கு யாரையும் அனுப்பாதீர்கள்.

அதற்குப் பிறகு நான் வேலை செய்த எந்த வண்டியையும் மருதமலைக் கோயில் ரோட்டில் ஏற்றிப் பார்க்காமல் சாவி கொடுத்ததில்லை. வாரத்துக்கு இரண்டு தடவையாவது போவேன். மேலே போனபின் எஞ்சின் ஆற வேண்டுமே, அந்த நேரத்தில் கோயிலுக்குள் போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருவேன். இப்படியே சில மாதம் போனது. ஒருநாள் அர்ச்சகர் விபூதி கொடுக்கும்போது என்னை நிறுத்தி, இந்த வயதில் முருகன் மேல் இவ்வளவு பக்தி உள்ளவரைத் தான் பார்த்ததில்லை என்று சொன்னார்.

"பக்தி பாதிதானுங்க சாமி," என்றேன். "மீதி பயமுங்க."